செருப்பைக் கழற்றச் சொன்ன மேடை

உங்களுக்குத் தெரியும். அந்த மைக்கில் ஷாக் அடிக்கிறது என்று அன்றைக்கு மத்தியானமே உங்களிடம் சொன்னேன். தமிழில் ஒரு முறை சொன்னேன். நீங்கள் புரியாதவர் மாதிரிப் பார்த்ததால் இங்கிலீஷிலும் சொன்னேன். கேட்டுத் தலையாட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் என் மகளை வெறுங்காலோடு அந்த மைக்கின் முன்னால் நிற்க வைத்தீர்கள். "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு" என்று பிறகு எல்லாருக்கும் அறிவித்தீர்கள். பொய். நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்ததை உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

இதை எழுதுவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது. என் மகள் இன்னும் உங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். அவளுக்கு மார்க் போடுகிறவர்கள் உங்கள் அறைக்கு வந்து டீ குடிக்கிறவர்கள். வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். எழுதாமல் இருந்தால் இதைவிடப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவள். வீடு சிட்லபாக்கத்தில். மகள் சர்ச் கொயரில் பாடிப் பாடி, பன்னிரண்டாவது முடித்ததும் "இசைதான் படிப்பேன்" என்று நின்றாள். அவள் அப்பா கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். "பி.காம். படிச்சிட்டுப் பாடேன், யாரு வேணாங்கறா?" என்று ஒரு மாதம் முனகிவிட்டு விட்டுவிட்டார். அப்படித்தான் அவள் உங்கள் பல்கலைக்கழக இசைப் பள்ளிக்கு வந்தாள். நீங்கள் அதன் இயக்குநர்.

மாதம் ஒரு சனிக்கிழமை நீங்கள் நடத்தும் உலக இசை நிகழ்ச்சிக்கு நானும் வருவேன். மகளை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி வருவதற்குப் பதில் உட்கார்ந்து கேட்கலாமே என்றுதான் முதலில் வந்தேன். பிறகு பிடித்துப்போய் வந்தேன். குளிர் நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஒரே தொண்டையில் இரண்டு குரல் எடுத்தார். கீழே உறுமல், மேலே விசில். என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் "சைனஸ் இருந்தா எனக்கும் இப்படித்தான் சார் வரும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் அந்தக் குரல் இரண்டு நாள் காதில் நின்றது. மூங்கில் துண்டுகளை வரிசையாகக் கட்டி ஊதியவர்கள் வந்தார்கள். கண்ணாடிக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி விரலால் தேய்த்த ஒரு பெண் வந்தாள். எனக்கு எதுவும் புரியாது. புரியாவிட்டால் என்ன, கேட்க நன்றாக இருந்தது.

உங்கள் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. புரியாத இடம் வந்தால் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார்கள். சத்தம் பெரிதானால் கை தட்டுவார்கள். "இசைக்கு மொழி கிடையாது" என்று ஒவ்வொரு மாதமும் சொல்வீர்கள். அதற்கும் தட்டுவார்கள்.

கச்சேரிக்கு முன்னால் நீங்கள் பேசுவீர்கள். எந்த நாட்டு இசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் செருப்புக்கு வந்துவிடுவீர்கள். நம் மேடை கோயில், அதில் செருப்புக்கால் ஏறாது, உலகத்துக்கு நாம் கற்றுக்கொடுக்கும் பணிவு இது என்று. வந்தவர்களையும் கழற்றச் சொல்வீர்கள். அவர்கள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கும்போது போட்டோ எடுப்பார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் சர்ச்சிலும் பீடத்துக்குச் செருப்போடு போகமாட்டோம். மேடையின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் செருப்பு விடும் ரேக் ஒன்று வைத்திருந்தீர்கள். பிள்ளைகள் ஒத்திகைக்குக்கூடச் செருப்போடு ஏறமாட்டார்கள். மைக் செட் போடுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் கலைஞர்கள் இல்லையே.

ஐப்பசி மழை. காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. உங்களுடையது திறந்தவெளி மேடை. மேலே கூரை உண்டு, முன்பக்கம் சாரல் அடிக்கும். தரையில் பளபளவென்று கறுப்புக் கிரானைட். கச்சேரிக்காரர்கள் உட்காரப் பின்னால் ஜமக்காளம் விரித்திருந்தது. முன்னால் நின்று பாடுகிறவர்களுக்கு வெறும் கல். அதில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வந்தவர்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஐந்து பேர். ஒரு பெரியவர் பெரிய சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய நரம்பு வாத்தியம் வைத்திருந்தார். மூன்று பேர் தாளம். அவர்களோடு பாடுகிற ஒரு பெண், ஆறடி உயரம், என் வயது இருக்கும். அவர்கள் ஊர்த் தாலாட்டை அந்தப் பெண் பாட, நம் ஊர்த் தாலாட்டை என் மகள் பாட வேண்டும். மாற்றி மாற்றிப் பாடிக் கடைசியில் இரண்டும் ஒன்றாகச் சேரும். இரண்டு நாளாக ஒத்திகை. இருவருக்கும் பொது மொழி அரைகுறை இங்கிலீஷ். மகள் வீட்டுக்கு வந்து அந்த அம்மா பாடியதைச் சமையலறையில் பாடிக் காட்டினாள். "அவங்க ஊர்ல பாடும்போது கையக் கோத்துப்பாங்களாம்மா. பாட்ட கைல குடுக்கறாங்களாம்" என்று சொன்னாள்.

மத்தியானம் சவுண்ட் செக். அவர்கள் ஐந்து பேரும் கனமான ஷூ போட்டிருந்தார்கள். உங்கள் பேச்சை அவர்கள் இன்னும் கேட்கவில்லை அல்லவா. அரை மணி நேரம் வாசித்தார்கள், பாடினார்கள், போய் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். என் மகள் புடவை கட்டப் போயிருந்தாள். மைக் செட்காரர் மேடை ஓரத்தில், தார்ப்பாய்க்குக் கீழே சவுண்ட் மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு வாய்ஸ் லெவல் வெக்கணும். யார்னா பேசுங்கப்பா மைக்ல," என்றார். யாரும் இல்லை. என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க அவுங்க அம்மாதானே? அதே தொண்டதான் இருக்கும். ஒரு பாட்டு உடுங்க."

"நான் பாடினா இருக்கிற மழையும் ஓடிடும் தம்பி," என்றேன்.

"அப்பொ கண்டிப்பா பாடுங்க மேடம், துணி ஒண்ணும் காயல."

சிரித்துக்கொண்டே ரேக்கில் செருப்பை விட்டுவிட்டு ஏறினேன். கல் ஜில்லென்று ஈரமாக இருந்தது. ஸ்டாண்டில் இருந்த மைக் எனக்கு உயரமாக இருந்தது, இறக்கலாம் என்று பிடித்தேன்.

முழங்கை வரைக்கும் யாரோ பிடித்து முறுக்கின மாதிரி இருந்தது. கை தானாக உதறி விலகியது. பல் கிட்டிவிட்டது.

"ஷாக் அடிக்குது," என்றேன்.

அவர் எழுந்து வந்தார். காலில் தடியான ரப்பர் செருப்பு. மைக்கை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தார். "இன்னா மேடம், ஒண்ணியும் இல்லியே? இதோ புடிச்சிகினுதானே கீறேன்."

"செருப்பக் கழட்டிட்டுப் புடிங்க."

"எனுக்கு இன்னா மேடம், பதினஞ்சு வருஷமா இதே பொழப்பு. ஈரத்துல லைட்டா சுர்ருங்கும். அதெல்லாம் பேஜார் பண்ணிக்காதீங்க."

கழற்றவில்லை. அப்போது அந்த ஆப்பிரிக்கப் பெண் என்ன சண்டை என்று பார்க்க வந்தார். நான் சைகையில் காட்டினேன். அவரும் ஷூக்காலோடு ஏறி மைக்கைத் தொட்டுப் பார்த்தார். என் முதுகைத் தட்டி, ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டிச் சிரித்தார். நல்ல சிரிப்பு.

எனக்கு மின்சாரத்தைப் பற்றித் தெரியாது. அது என்ன செய்யும் என்று மட்டும் பார்த்திருக்கிறேன். சிட்லபாக்கம் ஏரி நிரம்பி எங்கள் தெருவில் தண்ணீர் ஏறிய வருடம், எதிர்வீட்டுக்காரர், ரிடையர் ஆனவர், தண்ணீர் வடிந்துவிட்டது என்று மோட்டாரைப் போடப் போனார். கணுக்கால் அளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. அவர் கத்தவில்லை. "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். வாயை மூடிக்கொண்டு ஏதோ ராகம் இழுப்பவர் மாதிரி. அவர் மனைவி உள்ளேயிருந்து "என்னங்க பாட்டு?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்த அம்மா மூன்று நாள் அழுதார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் வெறுங்காலோடு ஸ்விட்சைத் தொடமாட்டோம்.

அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன். நீங்கள் குத்துவிளக்குக்குப் பூ சுற்றச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"சார், மைக்ல கரண்ட் வருது. எனக்கு அடிச்சுது."

"ரிலாக்ஸ் மேடம். ஸ்டாட்டிக்கா இருக்கும். ஏசி ரூம்ல கதவத் தொட்டாகூட வருமே."

"வெட்ட வெளியில, மழையில எங்கேர்ந்து சார் ஸ்டாட்டிக்?"

"அஞ்சு பேரும் அரை மணி நேரமா அதே மைக்லதான் பாடினாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்களுக்கு மட்டும் அடிச்சிருக்கு."

"அவங்க ஷூ போட்டிருக்காங்க சார்."

"அதான் மேடம் ப்ராப்ளம்," என்று சிரித்தீர்கள். "ஈவினிங் கழட்டிடுவாங்க."

இது உங்களுக்கு நினைவிருக்கும். இல்லையென்றால் விளக்குக்குப் பூ சுற்றிக்கொண்டிருந்த மூன்று மாணவர்களுக்கு நினைவிருக்கிறது. நான் இங்கிலீஷில் மறுபடி சொன்னேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். சனிக்கிழமை, ஆள் இல்லை, செக் பண்ணச் சொல்கிறேன் என்றீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. நான் தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

கணவருக்குப் போன் செய்தேன். "டெஸ்டர் வெச்சுப் பாக்கச் சொல்லு. அதுவரைக்கும் பாப்பாவ ஏற விடாத," என்றார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எப்படித் தடுப்பேன்?

மகள் பச்சைப் பட்டுப் புடவையில் வந்தாள். கண்ணில் மை. ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"அம்மா, ப்ளீஸ்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். செருப்புப் போட்டுக்கிட்டு ஏறு."

"செருப்போட எப்படிம்மா ஏறுறது? சார் இன்னிக்கிப் பேசப்போறதே அதப்பத்தித்தான். நான் மட்டும் டக்கு டக்குன்னு போய் நிக்கவா?"

"அப்போ பாடாத."

அவள் முகம் சுருங்கிப்போனது. "ரெண்டு வருஷத்துல மொத சான்ஸ்மா. நீங்க இப்பப் போய்க் கத்தினீங்கன்னா அடுத்து யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. 'அம்மா வருவாங்கடி'ன்னு கிண்டல் பண்ணுவாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. "நான் மைக்கத் தொடமாட்டேன். ப்ராமிஸ். ஒரு சாண் தள்ளியே நிக்கறேன். போதுமா?"

"கண்ண மூடிக்கிட்டா ரெண்டு கையாலயும் மைக்கப் புடிப்பியேடி."

"மூடமாட்டேன்மா."

அவள் போய்விட்டாள். எனக்குக் கொடுத்த டீயில் ஆடை படிந்துவிட்டது, குடிக்க முடியவில்லை. வலது கைக் கட்டைவிரல் மரத்தே இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தூறல் நிற்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். நிற்கவில்லை. கரண்ட் கட் ஆகட்டும் என்று ஜெபம் பண்ணினேன். தூறினாலே போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. மைக் செட்காரரிடம் மறுபடி போனேன். "ஸ்டாண்ட் மைக்கத் துணியால சுத்தி வுட்றேன் மேடம், ஓகேவா?" என்று ஒரு கர்ச்சீப்பைச் சுற்றினார். சாரலில் அதுவும் நனைந்தது. போட்டோ எடுக்க வந்த உங்கள் ஆள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை அவிழ்த்து எறிந்தான்.

மாலை, கூட்டம் வந்துவிட்டது. குடையை மடக்கி நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் இரண்டாவது வரிசையில், மிக்ஸர் இருக்கும் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்தேன். நடுவில் இடம் இருந்தும் அங்கேதான் உட்கார்ந்தேன்.

நீங்கள் பேசினீர்கள். சட்டையில் குத்துகிற, வயர் இல்லாத மைக். நின்றது மரப்பலகையால் செய்த சிறிய மேடை மீது. உங்கள் பாதம் அந்தக் கல்லில் படவே இல்லை. கோயில், பணிவு, மண்ணோடு உடம்பு சேர்கிற இடம் என்றெல்லாம் சொன்னீர்கள். மண்ணோடு உடம்பு சேர வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது என் முதுகில் வேர்த்தது. அப்புறம் விருந்தாளிகளைப் பார்த்துக் கை கூப்பினீர்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே குனிந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றினார். அந்தப் பெண் கழற்றினார். எல்லாரும் கழற்றினார்கள். கூட்டம் கை தட்டியது. பத்துப் பாதங்கள், ஈரக் கல்லில். மத்தியானம் எதுவும் இல்லை என்று சொன்ன அத்தனை பேரின் சாட்சியும் அந்த ரேக்கில் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

முதலில் வாத்தியம் மட்டும். அவர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த நரம்புச் சத்தம் தகரக் கூரையில் மழைத்துளி விழுவது மாதிரி இருந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் அந்தக் கறுப்பு ஸ்டாண்டையும், அதிலிருந்து பாம்பு மாதிரி வளைந்து ஓடும் வயரையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வயர் மிக்ஸருக்குப் போனது. மிக்ஸரின் வயர் சுவரோரம் ஒரு பழைய மர ஜங்ஷன் பாக்ஸுக்குப் போனது. அது எங்கே இருக்கிறது, எத்தனை எட்டில் போகலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் இருவரும் வந்தார்கள். அந்தப் பெண் பாட ஆரம்பித்தார். மைக்கைத் தொடவில்லை. அவருக்கு மைக்கே தேவையில்லை, அப்படி ஒரு குரல். என் மகள் ஒரு சாண் தள்ளி நின்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், என்னைப் பார்த்தாள். அவளுடைய தாலாட்டு வந்தபோது குரல் லேசாக நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. நன்றாகப் பாடினாள். தாய் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு நிமிடம் எனக்கே பயம் மறந்துவிட்டது.

இரண்டு பாட்டும் சேர வேண்டிய இடம். அந்தப் பெண் தன் ஊர் வழக்கப்படி இடது கையை நீட்டி என் மகளின் வலது கையைக் கோத்துக்கொண்டார். மகள் தள்ளி நிற்கிறாளே, உயரம் எட்டவில்லை போல என்று நினைத்திருக்க வேண்டும். அன்போடுதான் செய்தார். மறு கையால் மைக்கைப் பிடித்து அவள் பக்கம் தாழ்த்தினார்.

தாழ்த்திய கை திரும்பி வரவில்லை.

அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, ஒரே சுருதியில், நடுங்கி நடுங்கி. எதிர்வீட்டுக்காரர் போட்ட அதே சத்தம், நூறு மடங்கு பெரிதாக ஸ்பீக்கரில். அவர் தலை பின்னால் சாய்ந்தது. கோத்த கையை என் மகளால் விடுவிக்க முடியவில்லை. அவள் தோள் துடித்தது. வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை.

கூட்டம் கை தட்டியது.

உச்சக் கட்டம் என்று நினைத்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் "அப்பா, என்ன பிடி!" என்றார். முன்வரிசையில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினீர்கள். தொடையில் உங்கள் கை தாளம் போட்டது. பார்த்தேன். சாகிற வரைக்கும் எனக்கு அது மறக்காது.

"மெயின ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். மைக் செட்காரர் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார். சத்தம் அதிகம் என்று அவர் வால்யூமைக் குறைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி விழுந்து, ஜங்ஷன் பாக்ஸுக்குப் போகும் வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

"மேடம், இன்னா பண்றீங்க, போர்டு போய்டும்!" என்று அவர் கத்தினார். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது.

சத்தம் நின்றது. மேடையில் இரண்டு பேர் விழுகிற சத்தம் கேட்டது. அப்போதும் ஓரத்தில் இரண்டு மூன்று பேர் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மகள் மூச்சு விட்டாள். அதைத்தான் முதலில் பார்த்தேன், மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது. "அம்மா, நான் தொடலம்மா," என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. "நான் தொடவே இல்லம்மா." நான் அவளைத் திட்டிவிடுவேன் என்று பயந்திருக்கிறாள்.

அந்தப் பெண்ணின் உள்ளங்கை வெந்துவிட்டது. பெரியவர் அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தங்கள் மொழியில் என்னவோ கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்தப் பெண்ணுக்கு நினைவு வந்தது. மகளையும் அவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். நெஞ்சில் வயர் ஒட்டி, இதயத் துடிப்பைக் காட்டும் மிஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மிஷின் ஒவ்வொரு முறை விசில் அடிக்கும்போதும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. கணவர் வந்து சுவரோரம் நின்றார்.

மறுநாள் அந்தப் பெண் பேசினார். கையில் கட்டு. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஏன் கை தட்டினார்கள்?

நான் டீச்சர். எந்தக் கேள்விக்கும் ஏதாவது ஒரு பதில் சொல்லிப் பழகியவள். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தன் நல்ல கையால் என் முதுகைத் தட்டினார், முந்தின நாள் மாதிரியே.

மைக் செட்காரரும் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வர மாட்டேன் என்றார். "எனுக்குச் செருப்பு போட்டிருந்ததால தெரில மேடம். சத்தியமா தெரில. அந்த பாக்ஸ்ல ரெண்டு ஓட்டதான் மேடம், எர்த்துக்கு ஓட்டயே இல்ல. பிளக்கோட மூணாவது பின்ன ஒடச்சாத்தான் சொருவும். போன வருஷத்துலேர்ந்து ஆபீஸ்ல சொல்லிகினுதான் கீறேன்." நான் அவரை மன்னித்தேன் என்று எழுதமாட்டேன். செருப்பைக் கழற்றிப் பிடியுங்கள் என்று அன்றைக்கு அவரிடமும் சொன்னேன். ஆனால் அவர் வந்தார், கண்ணைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் ஒரு பழக்கூடை அனுப்பினீர்கள்.

மேடைக்குக் கிரானைட் போட்டீர்கள். செருப்புக்கு ரேக் வாங்கினீர்கள். சுவரில் ஒரு எர்த் பாயிண்ட் வைக்க உங்களுக்குத் தோன்றவில்லை.

அதற்கு அப்புறம் அந்த வீடியோ. நிகழ்ச்சியின் துண்டுகளை உங்கள் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டார்கள். என் சக டீச்சர் ஒருத்தி ஸ்டாஃப் ரூமில் போனை நீட்டினாள். "உங்க பொண்ணு மிஸ்! சூப்பர் மிஸ், புல்லரிச்சிடுச்சு." வாங்கிப் பார்த்தேன். என் மகள் பாடுகிறாள். கை கோக்கிறார்கள். அந்தச் சத்தம் வருகிறது. கைதட்டல் வருகிறது. அங்கே வெட்டியிருக்கிறார்கள். கீழே எத்தனையோ பேர் பூவும் இதயமும் போட்டிருந்தார்கள். நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். உங்கள் ஆபீசுக்கு நாலு தடவை போன் செய்த பிறகுதான் அந்த வீடியோவை நீக்கினார்கள். அதை வெட்டியவன் அந்த ஓலத்தைக் கேட்டுத்தானே வெட்டியிருப்பான்? உங்களிடம் காட்டாமலா போட்டிருப்பான்?

என் மகள் இப்போது மைக் முன்னால் நிற்பதில்லை. சர்ச்சில் கொயர் நடுவில் நின்று பாடுகிறாள். தனியாகப் பாடும் பகுதி வந்தால் அதை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறாள். வீட்டில் ஃபேன் ஸ்விட்சைத் துடைப்பக்கட்டை நுனியால் தட்டுகிறாள். ஒரு நாள் சமையலறையில் அந்த ஆப்பிரிக்கத் தாலாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சேர வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். நான் அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்ப ஆரம்பிக்கவில்லை.

அவளுடைய குரல் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. தெரியாதது பயமாக இருக்கிறது. ஒவ்வொரு செமஸ்டரிலும் மேடையில் பாடிக் காட்டினால்தான் மார்க் என்பது உங்கள் விதி. அந்த விதியை நீங்கள் அவள் மேல் எடுத்து வீசுவீர்களோ என்பது இன்னொரு பயம்.

விசாரணைக் குழு என்றீர்கள். அதில் என்னைக் கூப்பிடவில்லை. நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்று ஆள் விட்டீர்கள். மூடிய அறையில் எனக்கு உங்களோடு பேச ஒன்றும் இல்லை. அங்கே பேசவேண்டியதை அன்றைக்கு மத்தியானமே பேசிவிட்டேன்.

உலக இசை மறுபடி தொடங்குகிறது என்று நோட்டீஸ் பார்த்தேன். முதலில் உங்கள் பேச்சு என்று போட்டிருக்கிறது. நான் வருவேன். அதே கூட்டம் வரும், அன்றைக்குத் தட்டிய அதே கைகள். அவர்கள் முன்னால் பதில் சொல்லுங்கள். மைக்கில் கரண்ட் வருகிறது என்று நான் உங்களிடம் சொன்னேனா இல்லையா? சொன்ன பிறகும் ஏன் நடத்தினீர்கள்? அந்தப் பெண் கேட்டாரே, ஏன் கை தட்டினார்கள் என்று, அதற்கும் சொல்லுங்கள். மரப்பலகையிலிருந்து இறங்குங்கள். சட்டையில் குத்தியதைக் கழற்றிவிட்டு, செருப்பை ரேக்கில் விட்டுவிட்டு, அந்தக் கல்லில் நின்று, வயர் உள்ள மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.